அம்பாசிடர் கிரில்: கழற்றி, துலக்கி, பழையபடி மாட்டுவது வரை

அம்பாசிடரின் முகப்பில் இருக்கும் குரோம் கிரில், ஓடி ஓடிக் கெடுவதைவிடக் கழற்றும் நாளில் கெடுவதுதான் அதிகம். துருப்பிடித்த ஒரு ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டி, பொறுமை போனதும் அடியில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்புவார்கள். பட்டை வளைந்துவிடும், பக்கத்துப் பெயிண்டும் பெயர்ந்துவிடும். அப்புறம் டிங்கர் கூலி, பெயிண்டர் கூலி, குரோம் பூசும் பிளேட்டிங் கூலி என்று செலவு நீளும். அவசரப்படாமல் செய்தால், சாதாரணக் கருவிகளோடு வீட்டு வாசலிலேயே முடிக்கக்கூடிய வேலை இது.

அம்பாசிடரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பிரீமியர் பத்மினியோ, மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, மாரிஸ் மைனரோ வைத்திருப்பவர்களுக்கும் முறை ஏறக்குறைய இதுதான். பிடிமானங்கள் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

முதலில் உங்கள் வண்டியின் முகத்தைப் பாருங்கள்

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாக வைத்து, கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதியில் அம்பாசிடரைத் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதம் தொழிற்சாலை நிற்கும்வரை உடல் அமைப்பு பெரிதாக மாறவில்லை. மாறியதெல்லாம் பெரும்பாலும் முகம்தான். மார்க் 2 வண்டிக்குக் கட்டம்போட்ட கிரில். 1975இல் வந்த மார்க் 3க்குக் கிடைமட்டப் பட்டைகள். 1979இல் வந்த மார்க் 4க்கு மறுபடியும் கட்டம், ஆனால் சின்னச் சின்னக் கட்டங்கள், பார்க்கிங் விளக்குகள் தனியாக.

ஆனால் இதை நம்பி மட்டும் வேலையில் இறங்கக் கூடாது. நம் ஊரில் அம்பாசிடர்கள் முகம் மாற்றிக்கொண்டே வாழ்ந்தவை. ஆர்.சி. புத்தகத்தில் 1968 என்று இருக்கும், முன்பக்கம் 1985 ஆக இருக்கும். எங்கேயோ இடித்தபோது கிடைத்த கிரில்லை மாட்டி, ஓட்டை பொருந்தாத இடத்தில் டிங்கர் புதிதாக ஓட்டை போட்டிருப்பார். ஒரு பக்கம் போல்ட், மறுபக்கம் ரிவெட், நடுவில் கட்டுக்கம்பி என்றுகூட இருக்கும். அதனால் எத்தனை பிடிமானம், என்ன வகை என்பதை உங்கள் வண்டியில் நீங்களே எண்ணிக்கொள்வதுதான் நம்பகமானது.

எண்ணுவதற்கு ஒரே வழி, பின்னாலிருந்து பார்ப்பது. பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கை போகாத மூலைகளுக்கு ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி, இல்லையென்றால் வீடியோ ஓடவிட்ட செல்போன். கீழ் விளிம்பைத் தரையில் படுத்துப் பார்க்க வேண்டும். பார்த்ததை ஒரு தாளில் கிரில்லின் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிடிமானத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டு இழுத்தால்தான் கிரில் வளைகிறது. மற்றதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

என்ன உலோகம்?

பளபளப்பதெல்லாம் ஒரே பொருள் என்று நினைத்தால் துலக்கும்போது கெடுத்துவிடுவோம். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி ஒவ்வொரு பாகத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால், அநேகமாக இரும்புத் தகட்டின் மேல் குரோம் பூசியது. ஒட்டாமல் கனமாக இருந்தால் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்தது. எழுத்துகளும் சின்னங்களும் பல வண்டிகளில் இந்த வகைதான். ஒட்டாமல் லேசாக இருந்தால் அலுமினியம். பீடிங் என்கிற எவர்சில்வர் அலங்காரப் பட்டையில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும், ஏனென்றால் அதில் சில ரகங்களைக் காந்தம் இழுக்கும். ஓரத்தில் துளியும் துரு இல்லாமல், பூச்சு உரிந்த தடமும் இல்லாமல் இருந்தால் எவர்சில்வர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வார்ப்புத் துண்டுகளிடம் தனி மரியாதை வேண்டும். பழையதானால் பிஸ்கட்டைப் போல நொறுங்கும். வளைத்து நிமிர்த்தும் பேச்சே அதில் கிடையாது.

கருவிகள்

அம்பாசிடரின் பழைய போல்டுகள் இஞ்ச் கணக்கு. 1/4 இஞ்ச் போல்டின் தலைக்கு 7/16 ஸ்பேனர், 5/16 போல்டுக்கு 1/2 ஸ்பேனர். கையில் இருக்கும் 13 எம்.எம். ஸ்பேனரை 1/2 தலையில் போட்டால் உட்காரும், ஆனால் கொஞ்சம் ஆடும். புது போல்டில் அது பரவாயில்லை. துருப்பிடித்த போல்டில் அந்த ஆட்டமே மூலைகளை உருட்டிவிடும். இடையில் யாராவது எம்.எம். போல்ட் மாட்டியிருக்கவும் வாய்ப்பு நிறைய. இரண்டு செட்டும் இருந்தால் நல்லது. ஓப்பன் ஸ்பேனரைவிட ரிங்கோ பாக்ஸோ பிடித்துக்கொள்ளும்.

நுனி தேயாத ஸ்டார் மற்றும் தட்டை ஸ்க்ரூ டிரைவர்கள், மூக்கு நீண்ட பிளேயர், துரு இளக்கும் ஸ்பிரே, மாஸ்கிங் டேப், மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஆன ஆப்பு, பழைய போர்வை, சின்ன டப்பாக்கள். இவ்வளவு போதும். ரிவெட் இருந்தால் ட்ரில்லும் வேண்டும்.

முந்தின நாள் வேலை

சும்மா தண்ணீரும் ஷாம்பூவும் போட்டு முன்பக்கத்தைக் கழுவுங்கள். மண் ஒட்டிய திருகில் எண்ணெய் இறங்காது. காய்ந்ததும் பின்பக்கத்து நட்டுகளில் கம்பி பிரஷ் போட்டுத் துருவைத் தட்டிவிட்டு, ஸ்பிரே அடித்து விட்டுவிடுங்கள். இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை. மண்ணெண்ணெயும் கொஞ்சம் வேலை செய்யும், ஆனால் இதற்கென்று விற்கும் ஸ்பிரே இன்னும் ஆழமாக இறங்கும். பெயிண்டின் மேல் வழிந்ததை அப்போதே துடைத்துவிடுங்கள்.

படம் எடுங்கள். நேராக, இரண்டு பக்கமும், மேலிருந்து, பின்னாலிருந்து. கிரில்லுக்கும் ஹெட்லைட் வளையத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். பானெட்டின் முன்விளிம்புக்கும் கிரில்லின் மேல்விளிம்புக்கும் உள்ள இடைவெளியையும் மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள். மாட்டும்போது இந்த ஐந்து எண்கள்தான் உங்களுக்குத் துணை.

கழற்றுதல்

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பார்க்கிங் விளக்கு, ஹாரன் ஒயர்கள் பக்கத்தில் ஓடுவதால் பாட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். கிரில்லைச் சுற்றியுள்ள பெயிண்ட் விளிம்பில் மாஸ்கிங் டேப் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். பம்பரின் மேல் போர்வையைப் போடுங்கள். கிரில்லைப் பிடித்து நிற்கும் ஒயர்கள் ஏதாவது இருந்தால் சீட்டு ஒட்டி, முதலில் அவற்றைப் பிரியுங்கள்.

பிடிமானம் எந்த வகையோ, அதற்கேற்ற கை வேண்டும்.

முன்பக்கமிருந்து தெரியும் ஸ்க்ரூ. இதன் பள்ளத்தில் பெயிண்டும் மெழுகும் அடைந்திருக்கும். ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே ஸ்க்ரூ டிரைவரை வையுங்கள். சரியான அளவு நுனி, நேராக நல்ல அழுத்தம். முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு திருப்பி, அப்புறம் இளக்குங்கள். துருவின் பிடி விடும் சின்னச் சத்தம் கேட்கும். அது கேட்காமல் பள்ளம் தேய ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்பிரே அடியுங்கள். முழுக்கத் தேய்ந்த பிறகு செய்ய, தலையை ட்ரில் போட்டு எடுப்பது மட்டும்தான் மிச்சமிருக்கும்.

பின்பக்கத்து நட்டு. கொஞ்சம் இளகிவந்து பாதியில் இறுகினால் பலத்தைக் காட்டாதீர்கள். திரும்ப உள்ளே அரைச்சுற்று, வெளியே ஒரு சுற்று என்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். போல்டும் சேர்ந்து சுற்றினால் தலையைப் பிளேயரால் பிடிக்க ஓர் ஆள் தேவை. இரும்பு போல்ட் முறிந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். வார்ப்புத் துண்டோடு சேர்ந்து வார்த்த முளை முறிந்தால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை. அந்த இடத்தில் சந்தேகம் வந்தாலே நட்டைக் குறுக்கே அறுத்துப் பிளந்து எடுத்துவிடுங்கள். நட்டு சில்லறைக் காசு.

சூடு காட்டுவது பட்டறைப் பழக்கம். கிரில்லில் வேண்டாம். துத்தநாகக் கலவை 400 டிகிரி செல்சியஸை எட்டுவதற்கு முன்பே உருக ஆரம்பித்துவிடும், கேஸ் டார்ச் நெருப்பு அதைத் தாண்டிப் போய்விடும். பக்கத்தில் பெயிண்ட், ஒயர், ரேடியேட்டர் எல்லாம் இருக்கிறது.

தகட்டு ஸ்பிரிங் நட்டு. திருகு இல்லாத முளையில் அழுத்தி மாட்டிய மெல்லிய தகடு. எழுத்துகளும் சின்னங்களும் பெரும்பாலும் இதில்தான் நிற்கும். முன்னாலிருந்து நெம்பினால் முளை போய்விடும். பின்னாலிருந்து தகட்டின் பற்களை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் தூக்கிவிடலாம், அல்லது கட்டரால் தகட்டையே வெட்டலாம். புதியது கடையில் கிடைக்கும்.

மடக்கு நாக்கு. கிரில் தகட்டிலிருந்தே நீண்டு, பின்னால் மடங்கியிருக்கும் சின்னத் துண்டு. ஒவ்வொரு மடக்கும் அதன் ஆயுளைக் குறைக்கும். வெளியே வரும் அளவுக்கு மட்டும் நிமிர்த்துங்கள், நேர்க்கோடாக்க வேண்டியதில்லை.

ரிவெட். இடையில் யாரோ போட்டதாகத்தான் இருக்கும். நடுவில் உள்ள கம்பியை, பன்ச் என்கிற மெல்லிய இரும்புக் குச்சியால் முதலில் பின்னால் தட்டிவிடுங்கள். ரிவெட்டின் தண்டு அளவு பிட்டால், அதாவது 1/8 இஞ்ச் ரிவெட்டுக்கு 3.2 எம்.எம். பிட்டால், மெதுவாக ட்ரில் போட்டால் தலை கழன்று பிட்டிலேயே சுற்றும். அங்கே நிறுத்திவிடுங்கள். உள்ளே விழுந்த துண்டுகளைக் காந்தம் வைத்துத் தேடாதீர்கள், அவை பெரும்பாலும் அலுமினியம். காற்றடித்து எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் காலமெல்லாம் கலகலவென்று சத்தம் வரும்.

கிளிப்பில் அழுத்திய பீடிங். ஒரு முனையிலிருந்து, கிளிப் இருக்கும் இடத்துக்கு நேர் அடியில் மர ஆப்பைக் கொடுத்துத் தூக்குங்கள். இரண்டு கிளிப்புக்கு நடுவில் தூக்கினால் பட்டையில் மடிப்பு விழும், எவர்சில்வரில் அந்த மடிப்பு முழுக்கப் போகாது. பசையில் ஒட்டிய சின்னமானால், தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடாக்கி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுத்து எடுக்கலாம்.

எல்லாம் கழன்றதும் கிரில் தானாக ஆட வேண்டும். ஆடவில்லையென்றால் எங்கோ ஒன்று மிச்சம் இருக்கிறது, அல்லது பழைய பெயிண்ட் விளிம்பில் ஒட்டிப் பிடித்திருக்கிறது. பெயிண்டானால் பிளேடால் மெல்லக் கீறிவிடுங்கள். இறக்கும்போது ஆளுக்கொரு பக்கம் பிடிப்பது நல்லது. ஒரு முனையை மட்டும் பிடித்துத் தூக்கினால் தன் கனத்திலேயே முறுக்கிக்கொள்ளும்.

போல்டுகளை எடுத்த ஓட்டையிலேயே ஒரு திருகு திருகி வைப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். எந்தக் குறிப்பையும்விட அது நம்பகமானது.

துலக்குவதா, பிளேட்டிங் கொடுப்பதா

இங்கே என் கட்சி துலக்குவதுதான். இரும்பின் மேல் முதலில் செம்பு, அப்புறம் நிக்கல், கடைசியில் குரோம் என்று மூன்று பூச்சு இருப்பது நல்ல வேலை. ஒளியைத் தருவது பெரும்பாலும் நிக்கல். மேலே இருக்கும் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலம், அதுதான் அந்த நீலச் சாயலைத் தருகிறது, மங்காமலும் காக்கிறது. துருப்புள்ளி தெரிகிறதென்றால் பூச்சில் ஊசித்துளை விழுந்து, அதன் வழியே அடியில் இருக்கும் இரும்பின் துரு மேலே வருகிறது. எவ்வளவு தேய்த்தாலும் துளை மூடாது. துருவை எடுத்து, மெழுகால் துளையை அடைத்து வைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் நாலடி தள்ளி நின்று பார்த்தால் அது போதும்.

அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிருதுவானது, கீறாமல் துருவை மட்டும் எடுக்கும். பிடிவாதமான இடத்துக்கு 0000 நம்பர் எஃகுக் கம்பளி, எண்ணெய் தொட்டு. சமையலறைக் கம்பி நார் வேண்டவே வேண்டாம். முடிந்ததும் கழுவி, உலர்த்தி, கார் மெழுகு. புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கும் யோசனை யாராவது சொல்வார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. இங்கே அமிலம் அந்த ஊசித்துளைகளுக்குள் இறங்கித் தங்கி, துருவை வளர்க்கும். அலுமினியப் பாகத்துக்குக் கம்பளியும் கூடாது, காரம் கலந்த கிளீனரும் கூடாது. ஷாம்பூ மட்டும் போதும்.

பூச்சு உரிந்து தொங்குகிறது, இரும்பே பொத்தலாகிவிட்டது என்றால் பிளேட்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்து, எண்ணி, கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். சின்னத் துண்டுகள் தொட்டியின் அடியில் போய்விடுவது சகஜம். நெளிவு எடுக்கும் வேலையை முன்னாலேயே முடித்துவிட வேண்டும். பளபளப்பு ஏறிய பிறகு ஒவ்வொரு பள்ளமும் இரட்டிப்பாகத் தெரியும். செம்புப் பூச்சுக்குப் பிறகு ஒருமுறை தேய்த்து மட்டமாக்கச் சொல்லுங்கள், புள்ளிப் பள்ளங்கள் நிரம்புவது அந்தக் கட்டத்தில்தான். வார்ப்புத் துண்டுகளைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். இரும்பை ஊறவைக்கும் அமிலத் தொட்டியில் போட்டால் துத்தநாகம் கரைந்துவிடும். ஸ்பிரிங் கிளிப்புகளை அனுப்பவே வேண்டாம். அமிலமும் பிளேட்டிங்கும் பட்ட ஸ்பிரிங் எஃகு உள்ளுக்குள் நொய்ந்து, மாட்டும்போது டக்கென்று முறியும்.

பழைய குரோமை வீட்டில் கிரைண்டர் போட்டுச் சுரண்டுவதும் கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல.

மாற்றுக் கிரில் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்கோ வேறு பழைய சாமான் சந்தைக்கோ போவதாக இருந்தால், கழற்றியதைக் கையோடு கொண்டுபோங்கள். அளந்து பார்க்காமல் வாங்கினால் ஓட்டைகள் பொருந்தாது. தகட்டின் கனத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் நெளிந்த பழைய ஒரிஜினல், பளபளக்கும் மெல்லிய புதுசைவிட மேல் என்பது என் அபிப்பிராயம்.

கிரில்லுக்குப் பின்னால்

கழற்றிய இடத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பல வருடத்து மண்ணும் காய்ந்த பூச்சிகளும் சருகும் கீழ் விளிம்பில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கடற்கரை ஊர் வண்டியானால் உப்பும் சேரும். எல்லாவற்றையும் கழுவி, துருவை அடிவரை சுரண்டி, எபாக்ஸி பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட் கொடுங்கள். போல்ட் ஓட்டைகளின் உள்விளிம்பிலும் பிரஷால் தொட்டுவிடுங்கள், துரு தொடங்குவது அங்கேதான். ரேடியேட்டரின் முன்முகத்தையும் இப்போதே தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்யலாம். அழுத்தம் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் அதன் மெல்லிய தகட்டு மடிப்புகள் மடங்கும்.

பெயிண்ட் நன்றாகக் காயும்வரை மாட்டாதீர்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளமில்லை. விரல் நகம் பதியக் கூடாது.

திரும்ப மாட்டுதல்

முதலில் போல்ட் எதுவும் போடாமல் வெறுமனே வைத்துப் பாருங்கள். பிளேட்டிங் போட்டு வந்ததானால் ஓட்டைகள் பூச்சால் சற்றுச் சுருங்கியிருக்கும். உருட்டு அரத்தால் பின்பக்கமிருந்து முன்னால் அல்லாமல், முன்பக்கமிருந்து உள்நோக்கித் தள்ளி அராவுங்கள். எதிர்த்திசையில் அராவினால் முன்முகத்துப் பூச்சு உரியும். கிரில் உடலைத் தொடும் இடங்களில் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பழையது இருந்த இடத்தில் கட்டாயம், இல்லாத இடத்திலும் சத்தம் வராமல் காக்கும்.

புதுத் திருகுகள் எவர்சில்வரில் வாங்குவது நல்ல யோசனைதான், ஒரு நிபந்தனையோடு. அலுமினியத்தோடும் துத்தநாகத்தோடும் எவர்சில்வர் நேரடியாகத் தொட்டு, மழைநீரும் சேர்ந்தால், அரிப்பது மிருதுவான உலோகத்தைத்தான். நைலான் வாஷர் போட்டு, திருகில் கொஞ்சம் கிரீஸோ வாசலினோ தடவிவிடுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

எல்லா போல்டுகளையும் விரலால் இரண்டு மூன்று சுற்று ஏற்றிவிட்ட பிறகே ஸ்பேனரை எடுங்கள். முதல் போல்டையே இறுக்கினால் கடைசி ஓட்டை ஒருபோதும் நேர்ப்படாது. தளர்வாக மாட்டிய நிலையில், எழுதிவைத்த ஐந்து அளவுகளைச் சரிபாருங்கள். பானெட்டை மெல்ல இறக்கிப் பாருங்கள், ஒரேயடியாகப் போட்டுவிடாமல் கையால் தாங்கியபடி. எங்காவது இடிக்கிறதென்றால் இப்போது நகர்த்தலாம். இரண்டு ஹெட்லைட்டுக்கும் இடைவெளி சமமாக வராவிட்டால், பழைய வண்டியில் கிரில்லைவிட மட்கார்டின் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். எப்போதோ இடித்து நிமிர்த்தியிருப்பார்கள். அப்போது டேப்பின் கணக்கைவிடக் கண்ணுக்கு நேராகத் தெரிவதே முக்கியம். பத்தடி தள்ளி நின்று பார்த்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

இறுக்குவது நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கு, இடம் ஒன்று வலம் ஒன்றாக, இரண்டு தவணையில். ஸ்பேனரைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து, மணிக்கட்டு பலத்தில் நின்றால் போதும். இந்த நட்டுகள் தாங்குவது கிரில்லின் கனத்தை மட்டும். அதிர்வில் கழலாமல் இருக்க நைலான் வளையம் உள்ள நட்டோ ஸ்பிரிங் வாஷரோ போடுங்கள். வார்ப்பு முளைகளில் ரப்பர் வாஷர் கொடுத்து, அது லேசாக அமுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். எழுத்துகளும் பீடிங்கும் கடைசியில். பீடிங்கைக் கிளிப் இருக்கும் இடத்தில் உள்ளங்கையால் அழுத்தி ஏற்றுங்கள்.

ஒயர்களைச் சீட்டுப்படி இணைத்து, பாட்டரியை மாட்டி, விளக்குகளையும் ஹாரனையும் பாருங்கள். டேப்பை உரிக்கும்போது பெயிண்டோடு ஒட்டிச் சாய்வாக இழுங்கள். மேடு பள்ளமான தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தால் எங்கே கலகலக்கிறது என்று தெரிந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். ரப்பர் உட்கார்ந்து ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.

கிரில்லின் மேல் கூடுதல் விளக்கு, கிளப் சின்னம், பின்னால் அலங்கார வலை என்று சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் ரேடியேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கிறார்கள். சித்திரை வெயிலில் நெரிசலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் அதைச் சொல்லும்.

ஆயுத பூஜையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையை நூலால் கட்டுங்கள், கட்டுக்கம்பி குரோமைக் கீறும், பட்டையையும் இழுத்து வளைக்கும். சந்தனம் குங்குமத்தைக் குரோமின் மேல் வைப்பதற்குப் பதில் முன்கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைத்தால் துடைப்பது சுலபம். எலுமிச்சம்பழத்தைக் கிரில்லில் சாறு சொட்டாத இடமாகப் பார்த்துக் கட்டி, வாடியதும் கழற்றி, அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள்.